டிரம் மெஷின் வாங்கப் போய் 35,700 ரூபாய் தொலைத்த கதை

மொத்தக் கணக்கை முதலிலேயே போட்டுவிடுகிறேன். நான்கு டிரம் மெஷின்கள், இரண்டு வருடம் மூன்று மாதம், கையை விட்டுப் போன பணம் 35,700 ரூபாய். வீட்டுக்குத் தெரிந்த தொகை வேறு, அதை இங்கே சொல்ல வேண்டியதில்லை. பணத்தைக்கூட விடுங்கள், அந்த இரண்டு வருடத்தில் ஒரு டிராக்கைக்கூட முழுதாக முடிக்கவில்லை என்பதுதான் இன்றும் உறுத்துகிறது. சென்னையில் டெக்னோ, ஹவுஸ் என்று எலக்ட்ரானிக் இசை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குத்தான் அப்போது ஒருவரையும் தெரியாது. பகலில் சோழிங்கநல்லூரில் சாஃப்ட்வேர் டெஸ்டிங், இரவில் நங்கநல்லூர் வீட்டில் ஹெட்ஃபோன், இதுதான் வாழ்க்கை. கேட்க ஆள் இல்லாததால் வீடியோக்களைப் பார்த்தே எல்லாவற்றையும் முடிவு செய்தேன். வீடியோவில் எல்லா மெஷினும் அருமையாகத்தான் இருக்கும். அதன் முதுகில் எத்தனை ஒயர் எங்கே போகிறது என்பதை மட்டும் யாரும் காட்ட மாட்டார்கள்.

2021 ஆகஸ்டில், கொரோனா ஊரடங்குக்குப் பின் கடைகள் திறந்ததும் முதல் வேலையாக அண்ணா சாலைப் பக்கம் ஒரு இசைக்கருவிக் கடைக்குப் போனேன். "டிரம் மெஷின் இருக்கா?" என்றதும் கடைக்காரர் நேராக ரிதம் பேட் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். "இதானே சார்? கச்சேரிக்கெல்லாம் இதான் போகுது." அவரைக் குறை சொல்ல முடியாது. நம் ஊர் மெல்லிசைக் குழுக்களில் ரோலண்ட் எஸ்பிடி-20 மாதிரியான பேடைக் குச்சியால் தட்டித்தான் எத்தனையோ வருடமாகத் தபேலாவும் டோலக்கும் தவிலும் வருகின்றன. அது ஆள் உட்கார்ந்து வாசிக்கும் கருவி. நான் கேட்டது, தாளத்தைக் கட்டம் கட்டமாக எழுதி வைத்தால் தானே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கும் பெட்டி. பெரும்பாலும் முன்பக்கம் வரிசையாக 16 பட்டன் இருக்கும். தாளக் கணக்கில் நான்கு பட்டன் ஒரு அடி, 16 பட்டன் நான்கு அடி. எந்தப் பட்டனை அழுத்தி விளக்கு எரியவைக்கிறோமோ அந்த இடத்தில் சத்தம் விழும். இதற்கு ஸ்டெப் சீக்வென்சர் என்று பெயர். பாட்டுக் கற்றுக்கொள்கிறவர்கள் வீட்டில் இருக்குமே எலக்ட்ரானிக் தாளப் பெட்டி, அதற்கு இது தூரத்துச் சொந்தம். அதில் தாளம் ஏற்கெனவே எழுதியிருக்கும், இதில் நாம் எழுத வேண்டும். இதையெல்லாம் கடையில் விளக்க எனக்கு வெட்கமாக இருந்தது. "பார்த்துட்டு வரேன்" என்று கிளம்பிவிட்டேன். தொட்டுப் பார்க்காமல் வாங்கும் பழக்கம் அன்றைக்குத்தான் ஆரம்பித்தது.

முதல் மெஷின் ஒரு சின்ன அனலாக் பெட்டி, அதாவது மின்சுற்றே சத்தத்தை உண்டாக்கும் வகை, கையடக்கம். வேறு ஊர்க்காரர் ஒருவரிடமிருந்து பழையதாக 9,500 ரூபாய்க்குப் பேசி, கூரியரில் வந்தது. அடாப்டர் இல்லை, பேட்டரியில் ஓடும் என்று அவர் முதலிலேயே சொல்லியிருந்தார். ஆறு பேட்டரி போட்டு இரண்டு வாரம் சந்தோஷமாக ஓட்டினேன். பேட்டரி தீர்ந்ததும், வீட்டில் கிடந்த கிட்டார் பெடல் அடாப்டரை எடுத்துச் செருகினேன். அதிலும் 9 வோல்ட், இதிலும் 9 வோல்ட், முனையும் கச்சிதமாகப் பொருந்தியது. ஒரு விளக்கு கண் சிமிட்டியது. அப்புறம் எதுவுமே இல்லை. லேசாகக் கருகல் வாசனை.

அன்றைக்கு ராத்திரி தெரிந்துகொண்டதை உங்களுக்கு இலவசமாகத் தருகிறேன். அடாப்டரில் வோல்ட் மட்டும் பார்த்தால் போதாது. அதன் மேல் சின்னதாக ஒரு வட்டமும் புள்ளியும் வரைந்து, ஒரு பக்கம் பிளஸ், ஒரு பக்கம் மைனஸ் போட்டிருப்பார்கள். கிட்டார் பெடல் அடாப்டர்களில் வழக்கமாக நடு முனை மைனஸ். கோர்க் வோல்கா வரிசை மாதிரியான சின்ன மெஷின்களில் நடு முனை பிளஸ். மாற்றிச் செருகினால் மின்சாரம் தலைகீழாகப் பாயும். இன்னொரு வகையும் உண்டு. பல வருடமாக விற்கும் அலெசிஸ் எஸ்ஆர்-16 மெஷினுக்கு 9 வோல்ட் ஏசி அடாப்டர் வேண்டும், டிசி கிடையாது. ஜப்பானிலிருந்து நேரடியாக வரும் பழைய மெஷின்கள் 100 வோல்ட்டுக்குச் செய்தவை. நம் 230 வோல்ட்டில் நேரே மாட்டினால் ரிப்பேருக்குக்கூட மிஞ்சாது. பழைய பொருள் வாங்கும்போது ஒரிஜினல் அடாப்டர் கூட வருகிறதா என்பதை விலை பேசுவதற்கு முன்னால் கேளுங்கள். வராவிட்டால் மெஷினின் அடியில் இருக்கும் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

ரிச்சி தெருவில் ஒரு மாடிக் கடையில் ரிப்பேர் செய்யும் பாய் ஒருவர் திறந்து பார்த்தார். "உள்ளாற ஒரு டயோடு தன்னைக் கொடுத்து மத்ததைக் காப்பாத்தியிருக்கு தம்பி, ரெகுலேட்டரும் போச்சு. போர்டு தப்பிச்சது" என்றார். 1,400 ரூபாய். நான் பயந்த அளவுக்கு இல்லை. ஆனால் திரும்பி வந்தபின் இன்னொரு பிரச்சினை கண்ணில் பட ஆரம்பித்தது. அந்தப் பெட்டிக்கு வெளியே போகும் வழி ஒன்றே ஒன்றுதான், ஒரு ஹெட்ஃபோன் துளை. கிக், ஸ்னேர், ஹைஹேட் என்று டிரம் செட்டின் சத்தங்கள், கைதட்டல் எல்லாம் கலந்து ஒரே ஒயரில் வரும். கைதட்டலுக்கு மட்டும் கொஞ்சம் எதிரொலி கொடுக்கலாம் என்று பார்த்தால் கிக்கும் சேர்ந்து கிணற்றுக்குள் விழுந்த மாதிரி கேட்கும். இதற்குப் பைசா செலவில்லாத வழி ஒன்று இருந்தது. கம்ப்யூட்டரோடு தாளத்தை இணைத்துவிட்டு, மற்ற சத்தங்களை ஊமையாக்கி, முதல் ஓட்டத்தில் கிக்கை மட்டும், இரண்டாவது ஓட்டத்தில் ஸ்னேரை மட்டும் என்று தனித்தனியாகப் பதிவு செய்திருக்கலாம். ஏழு சத்தம், ஏழு ஓட்டம், அரை மணி நேர வேலை. இது எனக்கு ஒன்றரை வருடம் கழித்துத்தான் உறைத்தது. அப்போது நான் செய்தது, மெஷினை 6,000 ரூபாய்க்கு விற்றுவிட்டுப் பெரியதாக ஒன்று தேடியது. நஷ்டம் 4,900.

இரண்டாவதில்தான் பெரிய அடி. எனக்கு 808 பைத்தியம் பிடித்திருந்தது. ரோலண்ட் டிஆர்-808 என்ற டிரம் மெஷின் வந்தது 1980-இல். 1983-இல் நிறுத்திவிட்டார்கள். மொத்தமே சுமார் 12,000 தான் செய்தார்கள். அதே 1980-இல் ரோஜர் லின் என்ற அமெரிக்கர் கொண்டுவந்த எல்எம்-1 மெஷின் உண்மையான டிரம்மைப் பதிவு செய்து வாசித்தது, விலை சுமார் 5,000 டாலர். 808 கிட்டத்தட்ட 1,200 டாலர், அதன் சத்தம் முழுக்க மின்சுற்றுகளிலிருந்து வருவது. டிரம் மாதிரியே இல்லை என்று அன்றைக்குப் பலர் ஒதுக்கினார்கள். பழைய சாமானாக மலிவாகக் கிடைக்க ஆரம்பித்ததும் அது ஹிப்ஹாப் செய்கிறவர்கள் கைக்கும், டெக்னோவும் ஹவுஸும் பிறந்த டெட்ராய்ட், சிகாகோ பையன்கள் கைக்கும் போனது, மீதி எல்லோருக்கும் தெரிந்த கதை. மும்பையில் சரண்ஜித் சிங் 1980-களின் தொடக்கத்திலேயே 808-ஐயும் ரோலண்டின் பேஸ் மெஷினான டிபி-303-ஐயும் சேர்த்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து இசைத்தட்டே போட்டிருக்கிறார். இந்த விவரங்களை எல்லாம் ராத்திரி முழுக்கப் படித்துப் படித்து, 808 இல்லாமல் எனக்கு இசையே வராது என்ற முடிவுக்கு வந்துவிட்டேன். ஒரிஜினல் வாங்க நம்மால் ஆகாது. 808 வகையில் இன்றைக்குச் செய்யப்படும் மெஷின் ஒன்றை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன். பெயர் வேண்டாம், மெஷினில் ஒரு குறையும் இல்லை.

பொருள் விலை 34,000 ரூபாய். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். ஒரு வாரம் கழித்து கூரியரிலிருந்து செய்தி வந்தது. சுங்க வரி, அதன் மேல் ஜிஎஸ்டி, அவர்கள் கட்டணம் எல்லாம் சேர்த்து 13,600 கட்டினால்தான் டெலிவரி. பொருளின் விலைக்கு மட்டும் வரி போடுவார்கள் என்று நான் கணக்குப் பண்ணியிருந்தேன். அனுப்பும் செலவையும் காப்பீட்டையும் சேர்த்த மொத்தத்தின் மேல்தான் வரி கணக்கிடுவார்கள். மெஷின் எடை கூடினால் அனுப்பும் செலவு கூடும், அதனால் வரியும் கூடும். இத்தனை கொடுத்து வாங்கிய பொருளுக்கு இங்கே வாரண்டியும் இல்லை. அந்த 47,600-க்கு இங்கேயே, பில்லோடு, கெட்டால் திரும்பக் கொடுக்கும் வசதியோடு வேறு நல்ல மெஷின் வாங்கியிருக்கலாம். அந்தச் செய்தி வந்த அன்று நான் அலுவலகக் கேன்டீனில் சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன், ஒரு வாய்கூட இறங்கவில்லை.

பெட்டியைத் திறந்ததும் கவலை எல்லாம் போய்விட்டது, அதுவும் உண்மை. கலர் கலராக 16 பட்டன், முதுகில் ஒவ்வொரு சத்தத்துக்கும் தனித்தனி அவுட்புட். முதல் மெஷினில் என்னைப் படுத்திய பிரச்சினைக்கு இதோ தீர்வு என்று ஒயர்களை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போதுதான் என் ஆடியோ இன்டர்ஃபேஸை, அதாவது சத்தத்தைக் கம்ப்யூட்டருக்குள் அனுப்பும் பெட்டியை, திருப்பிப் பார்த்தேன். இன்புட் இரண்டு. பத்து வாசல் வழியாக ஆள் வெளியே வருகிறார்கள், ஏறிக்கொள்ள ஷேர் ஆட்டோவில் இரண்டு சீட். மெஷின் தேடிய மூன்று மாதமும் இந்த இன்டர்ஃபேஸ் மேஜையில் என் கண் முன்னால்தான் இருந்தது. சரி, மிக்சர் வாங்கினால் தீரும் என்று 12,500-க்கு ஒரு மிக்சர் வாங்கினேன். நான் வாங்கிய மிக்சர் எல்லாவற்றையும் கலந்து இடது, வலது என்று இரண்டாக்கிக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் வகை. ஆக, தனித்தனியாக வந்ததைப் பணம் கொடுத்து மறுபடி கலந்தேன். மிக்சரை நான்கு மாதத்தில் 8,000-க்குத் தள்ளிவிட்டேன், அதில் 4,500 நஷ்டம். யூஎஸ்பி வழியாக ஒவ்வொரு சேனலையும் தனியாக அனுப்பும் மிக்சர்கள் இருக்கின்றன, எட்டு இன்புட் இன்டர்ஃபேஸ்களும் இருக்கின்றன. தனி அவுட்புட் உள்ள மெஷினைப் பார்க்கும்போது அந்தச் செலவையும் அதன் விலையோடு கூட்டித்தான் பார்க்க வேண்டும்.

இதற்கு நடுவில் கீழ் வீடு. என் ஸ்பீக்கர் ஐந்து அங்குல வகை. 808 கிக்கின் அடி நாதம் 50 ஹெர்ட்ஸ் அருகில் இருக்கிறது. அந்த ஆழத்தில் ஐந்து அங்குல ஸ்பீக்கர் கிட்டத்தட்டக் கை விரித்துவிடும். எனக்குப் போதவில்லை என்று சத்தத்தைக் கூட்டுவேன், மேஜையும் தரையும் அதிரும், எனக்குக் கேட்காதது கீழே கேட்கும். கீழ் வீட்டில் இருப்பவர் மிருதங்க வாத்தியார். ஒருநாள் மாடிப்படியில் நிறுத்தினார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "ஏம்ப்பா, மூணு மாசமா கேக்கறேன். எப்பப் பார்த்தாலும் நாலு நாலாவே போறதே, வேற தாளமே வராதா உன் மெஷின்ல?" என்றார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அவர் விடவில்லை, படிக்கட்டுக் கைப்பிடியிலேயே மிஸ்ர சாப்பு தட்டிக் காட்டினார், தகிட தகதிமி, மூன்றும் நான்கும் ஏழு. "உன் நாலுக்கு மேலே இதை விட்டுப் பாரு, எங்க போய்ச் சேர்றதுன்னு."

மேலே வந்து முயன்று பார்த்தேன். என் மெஷினில் தாளத்தை 14 கட்டமாகக் குறைக்கலாம், ஆனால் குறைத்தால் எல்லாச் சத்தத்துக்கும் சேர்ந்தே குறையும். கிக் 16-இல் போக, மணி 7-இல் சுற்ற வேண்டும் என்றால் வழியில்லை. அன்றைக்குத்தான் ஒரு விஷயம் தலையில் ஏறியது. நான் 47,600 ரூபாய் கொடுத்தது சத்தத்துக்காக. அந்தச் சத்தம் இலவசமாகக் கிடைக்கிறது. 808-இன் ஒவ்வொரு தட்டலையும் பதிவு செய்து சாம்பிள் தொகுப்பாக எத்தனையோ பேர் கொடுத்துவைத்திருக்கிறார்கள், பத்து நிமிடத்தில் இறக்கிக்கொள்ளலாம். மேடையில் குமிழைத் திருகித் திருகி ஒலியை மாற்றி வாசிக்கிறவர்களுக்கு அனலாக் மெஷின் வேறு சுகம், அதை மறுக்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து டிராக் செய்கிறவனுக்கு அந்தப் பெட்டியில் உண்மையிலேயே வேண்டியது சீக்வென்சர், அதாவது தாளத்தை எழுதவும் கலைக்கவும் அது விடும் விதம். அதைப் பற்றி நான் பார்த்த வீடியோக்களில் இரண்டு நிமிடம்கூட வந்திருக்காது.

பாடம் கற்றுவிட்டேன் என்று நம்பி, 2022 டிசம்பரில் எதிர்த்திசையில் ஓடினேன். இந்த முறை சாம்பிளர் வகை, பழையது, 28,000 ரூபாய். எந்தச் சத்தத்தை வேண்டுமானாலும் ஏற்றலாம். ஏற்றினேன். பறை, உறுமி, பம்பை, ஆட்டோ ஹாரன், மிக்சி, குக்கர் விசில் என்று 2,300 சாம்பிள். சனிக்கிழமை ராத்திரிகள் எல்லாம் அவற்றுக்குப் பெயர் வைப்பதிலும் அடுக்குவதிலும் போயின. ஐந்து மாதத்தில் எட்டு சனிக்கிழமை நான் ஒரு தாளமும் எழுதவில்லை, அடுக்கிக்கொண்டு மட்டும் இருந்தேன். சின்னத் திரை, ஒரு பட்டனுக்கு மூன்று வேலை. ஸ்விங் கூட்ட வேண்டுமென்றால் நான்கு பக்கம் உள்ளே போக வேண்டும், போவதற்குள் எதற்குப் போகிறோம் என்பது மறந்துவிடும்.

ஸ்விங் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும், பலர் வாங்கும்போது இதைக் கவனிப்பதில்லை. கட்டங்களைச் சரிசமமாக வாசித்தால் தாளம் ராணுவ நடை மாதிரி இருக்கும். இரட்டைப்படைக் கட்டங்களைக் கொஞ்சம் தாமதமாக விழவைத்தால் ஆட்டம் வரும். ரோஜர் லின் தன் மெஷின்களில் இதைச் சதவீதமாக வைத்தார், 1988-இல் வந்த அகாய் எம்பிசி60 என்ற மெஷின் வழியாக இது இன்னும் பிரபலமானது. 50 என்றால் நேர் நடை. 66 என்றால் ஒரு அடியை மூன்றாகப் பிரித்தது போல் ஆகிவிடும், நம் கணக்கில் திஸ்ர நடைக்குப் பக்கம். எனக்குப் பிடித்தது 54-க்கும் 58-க்கும் நடுவே எங்கேயோ இருக்கிறது. மெஷினைக் கையில் எடுத்ததும் நான் இப்போது முதலில் தேடுவது ஸ்விங் குமிழைத்தான். ஓடிக்கொண்டிருக்கும்போதே, நிறுத்தாமல், ஒரு கையால் அதை மாற்ற முடிகிறதா என்று பார்ப்பேன்.

மூன்றாவது மெஷின் தந்த தலைவலி அத்தோடு நிற்கவில்லை. அதையும் என்னிடமிருந்த சின்ன சிந்தசைசரையும் மிடி வழியாக, அதாவது இசைக்கருவிகள் ஒன்றுக்கொன்று கட்டளை அனுப்பும் இணைப்பு வழியாக, இணைக்க வேண்டும். இரண்டிலும் பழைய ஐந்து பின் வட்டத் துளை கிடையாது, ஹெட்ஃபோன் மாதிரி 3.5 மில்லிமீட்டர் துளை. ஒரு ஒயர் வாங்கினேன், வேலை செய்யவில்லை. இன்னொன்று வாங்கினேன், அதுவும் இல்லை. மெஷின் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி விற்றவரிடம் சண்டைக்குப் போனேன், அவரிடம் பிறகு மன்னிப்புக் கேட்டேன். விஷயம் என்னவென்றால், இந்தச் சின்னத் துளை மிடியில் ஏ வகை, பி வகை என்று இரண்டு உண்டு. முனையிலும் நடு வளையத்திலும் வரும் இணைப்புகள் ஒன்றுக்கொன்று இடம் மாறியிருக்கும். 2018-இல்தான் ஏ வகையைப் பொதுவானதாக ஏற்றுக்கொண்டார்கள். அதற்கு முன்னால் வந்த சாதனங்களில் ஆளுக்கொரு வழி. நான் வாங்கிய இரண்டு ஒயரும் ஏ வகை, எனக்கு வேண்டியது ஒரு முனை பி. மூன்று வாரமும் ஒயருக்கு 2,200 ரூபாயும் போயின. மேனுவலில் இது ஒரே வரியில் எழுதியிருந்தது. வாங்குவதற்கு முன்பே பெரும்பாலான மெஷின்களின் மேனுவல் இலவசமாகக் கிடைக்கும், ஒரு ராத்திரி அதைப் படித்தாலே போதும் என்று எனக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.

ஒயர் சரியானதும் தாளம் நழுவ ஆரம்பித்தது. கம்ப்யூட்டரும் மெஷினும் இரண்டுமே நான்தான் தலைமை என்று ஓடிக்கொண்டிருந்தன. மிடி க்ளாக் என்பது ஒரு அடிக்கு 24 துடிப்பு, யாராவது ஒருவர்தான் அதை அனுப்ப வேண்டும், மற்றவர்கள் கேட்டு நடக்க வேண்டும். கோர்க் வோல்கா மாதிரியானவற்றில் தாளத்தை இணைக்க இருக்கும் சிங்க் (sync) துளை வேறு கணக்கு, அதில் ஒரு அடிக்கு இரண்டு துடிப்பு. இரண்டையும் குழப்பினால் ஒரு மெஷின் மாட்டு வண்டியில் போகும், இன்னொன்று எக்ஸ்பிரஸ் ரயிலில் போகும். இது போதாது என்று யூஎஸ்பி ஒயரைச் செருகியதும் ஸ்பீக்கரில் கீச்சென்று ஒரு நாதம் வேறு. ஒரே கம்ப்யூட்டரிலிருந்து மின்சாரமும் ஆடியோவும் சுற்றிச் சுற்றி வருவதால் அது வருகிறது. மெஷினுக்கு மின்சாரத்தைத் தனி அடாப்டரிலிருந்து கொடுத்து, லேப்டாப், இன்டர்ஃபேஸ், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் எர்த் உள்ள ஒரே பவர் ஸ்டிரிப்பில் மாட்டியதும் எனக்குக் குறைந்தது. சிலருக்கு யூஎஸ்பி ஐசொலேட்டர் என்ற சின்னச் சாதனம் தேவைப்படும்.

2023 மே மாதம் அந்த சாம்பிளரையும் 24,500-க்கு விற்றேன். விற்ற அன்று அழுகை வந்துவிட்டது என்று சொன்னால் சிரிப்பீர்கள். மெஷினுக்காக அல்ல, 33 வயதில் ஒரு விளையாட்டுச் சாமானைக்கூடச் சரியாக வாங்கத் தெரியவில்லையே என்று. கொஞ்ச காலம் எதுவும் வாங்குவதில்லை என்று முடிவு செய்தேன். ஹைட்ரஜன் என்று ஒரு இலவச டிரம் மெஷின் மென்பொருள் இருக்கிறது. அதை லேப்டாப்பில் போட்டு, தினமும் இருபது நிமிடம், ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தில் அன்றைக்கு என்ன செய்தேன், எங்கே கை தடுக்கியது என்று எழுதிக்கொண்டே வந்தேன். ஒரு மாதம் கழித்துப் புரட்டிப் பார்த்தால் வேடிக்கையாக இருந்தது. ஒரு நாள்கூட நான் ஏழு சத்தத்துக்கு மேல் பயன்படுத்தவில்லை. 808 கிக்கை நான்கு நாள்தான் தொட்டிருக்கிறேன். ஏறக்குறைய தினமும் "இதை மட்டும் 7-இல் சுற்ற விட முடியவில்லை" என்று எழுதியிருந்தேன். "மவுஸால் செய்ய எரிச்சல், பாதியில் ஒரு சத்தத்தை நிறுத்தி மறுபடி விட வேண்டும்" என்று பதினோரு இடத்தில் இருந்தது. எனக்கு என்ன வேண்டும் என்பது வீடியோ பார்த்த இரண்டு வருடத்தில் தெரியாமல், இந்த இருபது இருபது நிமிடத்தில் தெரிந்துவிட்டது. மெஷின் வாங்கும் யோசனையில் இருக்கிறவர்கள் யாராக இருந்தாலும் இந்த ஒரு மாதத்தைக் கழித்துவிட்டு வாருங்கள் என்றுதான் கேட்டுக்கொள்வேன்.

அந்த நோட்டை வைத்துக்கொண்டு தேடியபோது பட்டியல் தானாகச் சுருங்கிவிட்டது. 2023 நவம்பரில் எலெக்ட்ரான் டிஜிடாக்ட், 2017-இல் வந்த முதல் வகை, பழையதாக 46,000 ரூபாய்க்கு வாங்கினேன். இதில் ஆடியோவுக்கு எட்டு டிராக், அதாவது தனித்தனிச் சத்தத்துக்கு எட்டு வரிசை. ஒவ்வொரு டிராக்குக்கும் தனி நீளம் வைக்கலாம். எத்தனை கட்டத்துக்கு ஒருமுறை எல்லோரும் முதலுக்குத் திரும்ப வேண்டும் என்பதையும் நாமே சொல்லலாம். தனித்தனி அவுட்புட் இதில் கிடையவே கிடையாது. ஓவர்பிரிட்ஜ் என்ற மென்பொருள் வழியாக யூஎஸ்பி ஒயரிலேயே எட்டு டிராக்கும் தனித்தனியாகக் கம்ப்யூட்டருக்குப் போய்விடும், என் இரண்டு இன்புட் இன்டர்ஃபேஸுக்கு இங்கே வேலையே இல்லை. மிடி துளைகள் பழைய ஐந்து பின் வகை, ஏ-யா பி-யா என்ற கேள்வியும் இல்லை. குறையும் உண்டு. சாம்பிள்கள் மோனோவில்தான், அதாவது இடது வலது பிரிவு இல்லாமல், ஒரு பேட்டர்ன் அதிகபட்சம் 64 கட்டம். எனக்கு இரண்டும் இடிக்கவில்லை, உங்களுக்கு இடிக்கலாம். முழுக்க மேடைக்காக, குமிழ்கள் எல்லாம் கைக்கு எட்டும்படி வேண்டும் என்றால் நான் ரோலண்ட் டிஆர்-8எஸ் பக்கம் பார்த்திருப்பேன்.

இந்த முறை வாங்கிய விதமும் வேறு. விற்றவர் பெங்களூரில் இருந்தார். வீடியோ காலில் ஒவ்வொரு பட்டனையும் அழுத்திக் காட்டச் சொன்னேன். பழைய மெஷின்களில் ஒரு முறை அழுத்தினால் இரண்டு முறை பதிவாகும் வியாதி சகஜம். ஒவ்வொரு குமிழையும் மெதுவாகத் திருகச் சொல்லி, திரையில் எண் குதிக்கிறதா என்று பார்த்தேன். ஒரு தாளத்தைச் சேமித்து, அணைத்து, ஐந்து நிமிடம் கழித்து மறுபடி போடச் சொன்னேன். எண்பது, தொண்ணூறுகளில் வந்த மெஷின்களில் நினைவகத்துக்கென்றே உள்ளே பேட்டரி இருக்கும், அது செத்திருந்தால் எழுதியது எல்லாம் போய்விடும் என்று படித்திருந்தேன். இது புதிய மெஷின்தான், இருந்தாலும் கேட்டேன். அவர் பொறுமையாகச் செய்து காட்டினார், கடைசியில் "நீங்க டெஸ்டிங்ல இருக்கீங்களா பிரதர்?" என்றார். ஆம் என்றேன். அலுவலகத்தில் பன்னிரண்டு வருடமாகச் செய்கிற வேலையைச் சொந்தப் பணத்துக்கு முதல்முறையாக அன்றைக்குத்தான் செய்தேன்.

வந்த வாரமே கிக்கை 16-இலும், ஒரு சின்ன மணிச் சத்தத்தை 7-இலும் வைத்து நிமிடத்துக்கு 124 அடி வேகத்தில் ஓடவிட்டேன். 112 கட்டம் கழித்து, அதாவது ஏழு சுற்று முடிந்து, இரண்டும் ஒன்றாக முதலில் வந்து விழும். சுமார் பதின்மூன்றரை நொடி. ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டே இருந்தேன், மணி ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் நகர்ந்து நகர்ந்து ஊர் சுற்றிவிட்டு வீட்டுக்கு வரும். மறுநாள் வாத்தியாரைக் கூப்பிட்டு ஹெட்ஃபோனை மாட்டிவிட்டேன். தொடையில் தட்டிக்கொண்டே கண்ணை மூடிக் கேட்டார். "சேர்றது, ஆனா சேர்ற இடத்துல ஒரு கோர்வை வேணும்ப்பா" என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போனார். அந்தக் கோர்வையோடு, அதாவது தாளம் வந்து சேரும் முடிப்போடு, சேர்த்துத்தான் என் முதல் டிராக் முடிந்தது.

இரண்டாவதாக வாங்கிய அந்த 808 வகை மெஷின் இத்தனை நாளும் பரண்மேல்தான் கிடந்தது. அழகுக்காக விற்காமல் வைத்திருந்தேன், போன மாதம்தான் மனசு வந்து விளம்பரம் போட்டேன். 27,000-க்குப் பேசி முடித்தாயிற்று, மேலே சொன்ன 35,700 அந்த விலைக்குப் போகும் என்ற கணக்கில்தான். வாங்குகிறவன் குரோம்பேட்டையில் கல்லூரியில் படிக்கும் பையன், ஞாயிற்றுக்கிழமை வருகிறான். போனில் பேசும்போது மனசு கேட்காமல், "தம்பி, உன் ஆடியோ இன்டர்ஃபேஸ்ல எத்தனை இன்புட்?" என்று கேட்டேன். "ரெண்டுண்ணா" என்றான். மேலே எழுதியிருப்பதை எல்லாம் கிட்டத்தட்ட முக்கால் மணி நேரம் அவனுக்குச் சொன்னேன். இலவசமாகக் கிடைக்கும் சாம்பிள்களைக்கூட அனுப்புகிறேன் என்றேன். எல்லாவற்றுக்கும் "ஓகேண்ணா, ஓகேண்ணா" என்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணிக்கு வந்தா பரவால்லயாண்ணா?" என்றான்.